இருபத்தேழு பங்கு, ஒரே கூரை: வாசகர் கேள்வி-பதில்

பழைய வீட்டைக் காப்பாற்றத் தவிக்கும் குடும்பங்கள் எழுதலாம் என்று இரண்டு இதழ்களுக்கு முன்பு கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செட்டிநாட்டிலிருந்து. மீதியில் பல, அங்கே பங்கை வைத்துக்கொண்டு சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ்கிறவர்கள் எழுதியவை. நானும் அப்படி ஒரு வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) ஓடி விளையாடி வளர்ந்தவன். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்த வீடுகளுக்கே.

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் ஐயாவைப் பெற்றவர் ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போய்ச் சம்பாதித்து 1920களில் கட்டியது. முகப்பில் தொடங்கி அடுப்படியில் முடிவதற்குள் அடுத்த தெரு வந்துவிடும். இப்போது 27 பங்கு ஆகிவிட்டது, எங்களுக்கு அதில் ஒன்றுதான். நாங்களும் 86 வயது மாமியாரும் மட்டும் குடியிருக்கிறோம். மற்றவர்கள் படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்) கல்யாணத்துக்கும் வருவார்கள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். வரி நாங்கள் கட்டுகிறோம், 15 வருடமாக ஓடு மாற்றுவது எங்கள் செலவு. போன ஐப்பசி மழையில் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு மூலை இறங்கிவிட்டது. இந்த நேரத்தில் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்கப்போவதாகச் சொல்கிறார், இன்னொருவர் இடித்து மரத்தையும் மனையையும் விற்றுப் பிரித்துக்கொள்வோம் என்கிறார். இவ்வளவு நாள் காப்பாற்றியது நாங்கள், வீடு எங்களுடையது ஆகாதா? வெளியாள் உள்ளே வந்து உட்கார முடியுமா?
(ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: ஆச்சி, கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வரி கட்டியதாலும் குடியிருந்ததாலும் பங்காளி வீடு உங்களுடையது ஆகாது. பொதுச் சொத்தில் ஒரு பங்காளி இருந்தால், சட்டத்தின் பார்வையில் அவர் எல்லோருக்காகவும்தான் இருக்கிறார். மற்றவர்களுக்கு உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்கும் தெரிந்து, அப்படியே பன்னிரண்டு வருடம் கடந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். நீங்கள் படைப்புக்கு வந்தவர்களுக்கு இலை போட்டு உபசரித்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் வீடு விழாமல் இருக்கச் செய்த அவசியச் செலவைப் பாகப்பிரிவினையின்போது கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்குச் சீட்டு வேண்டும். ஓடு வாங்கிய ரசீது, கொத்தனாருக்குக் கொடுத்த கூலிக் குறிப்பு எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு பெட்டியில் சேருங்கள்.

வெளியாள் விஷயத்தில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், கூடவே குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குதான் போட வேண்டும். அப்படிப் போட்டால், 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, குடும்பத்துப் பங்குதாரர் ஒருவர் முன்வந்து நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். விற்கப்போகிற பங்காளியிடம் சண்டை போடாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். வாங்க வருகிறவருக்கும் அவருடைய வக்கீல் இதைத்தான் சொல்வார், அதற்கப்புறம் விலையும் இறங்கும் வேகமும் குறையும்.

உண்மையான ஆபத்து இடிக்கலாம் என்கிறவரிடம் இருக்கிறது. அதே 1893 சட்டத்தில் 2ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிக்க வசதியில்லாத சொத்து என்றால், பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்கும்போது நீதிமன்றம் மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லலாம். விற்க வேண்டாம் என்கிறவர்கள் அந்தப் பங்குகளை மதிப்பீட்டு விலைக்கு வாங்க வழி இருக்கிறது, ஆனால் கையில் பணம் வேண்டும். ஆகவே 27இல் 14 பங்கு யார் பக்கம் என்பதுதான் கேள்வி. அந்த 14ஐ நீங்கள் சேர்க்க வேண்டும், அதுவும் மாமியார் இருக்கும்போதே. அவர் கூப்பிட்டால் வருகிறவர்கள் நீங்கள் கூப்பிட்டால் வர மாட்டார்கள். உங்கள் மேல் குறையில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இந்த வீடுகளை இந்த ஊர் மண் கட்டவில்லை, இந்த ஊர் மண் காப்பாற்றவும் இல்லை. மானாவாரி விவசாயமும் கண்மாய்த் தண்ணீரும் உள்ள பூமியில் பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலி சலவைக்கல்லும் வந்து நின்றது கடல் தாண்டிய வட்டிக்கடை வருமானத்தால். 1930இல் அரிசி விலை விழுந்தபோது பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போனார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம், 1938க்குள் சுமார் 25 சதவீதம். பணமாக இருந்தது வேண்டாத நிலமாக மாறி மாட்டிக்கொண்டது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். பர்மா 1948இல் சுதந்திரம் பெற்ற பிறகு நிலம் தேசியமயமானது. வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் உங்கள் குடும்பத்தார் கெட்டவர்கள் இல்லை ஆச்சி, ஒரு பேரரசின் வருமானத்துக்குக் கட்டிய கூரையை மாதச் சம்பளத்தில் தாங்கச் சொல்லி அவர்கள் தலையில் வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ரங்கூன் கடையின் வரவு செலவை வாரம் தவறாமல் எழுதி ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பிய குடும்பங்கள் இவை. கல்யாணமான மகனை வேறு வைத்தால், ஒரே வீட்டுக்குள் அடுப்பும் கணக்கும் தனித்தனி. இன்றைக்கும் கோவில் வரி புள்ளிக்கு (கல்யாணமான ஆணின் குடும்பம் ஒரு புள்ளி) இவ்வளவு என்றால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு மட்டும் பேரேடு இல்லை. நான் பார்த்த வரையில் இந்த வீடுகள் முதலில் கணக்கில் விழுகின்றன, அப்புறம்தான் கூரை விழுகிறது. ஒருவன் செலவு செய்கிறான், வாய் திறக்காமல் பத்து வருடம் செய்கிறான், ஒரு கல்யாணப் பந்தியில் வெடிக்கிறான், மற்றவனுக்கு அவன் என்ன செலவு செய்தான் என்றே தெரியாது.

அதனால் அடுத்த படைப்புக்கு எல்லோரும் வருவார்கள் அல்லவா, சாமி கும்பிட்டுச் சாப்பிட்டு முடிந்ததும் பட்டாலைக் கூடத்தில் உட்கார வையுங்கள். உங்கள் 15 வருடச் செலவை ஒரே தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். திருப்பிக் கொடு என்று கேட்காதீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இனி பங்குக்கு வருடம் இவ்வளவு என்று ஒரு தொகை, எல்லாப் பங்குக்கும் ஒரே அளவு, குடும்பக் கிளைக்கு ஒருவராக மூன்று பேர் கையெழுத்தில் ஒரு வங்கிக் கணக்கு. கொடுக்காதவர் பெயருக்கு நேரே நிலுவை என்று எழுதுங்கள், ஏச வேண்டாம். நிலுவை என்ற ஒரு வார்த்தைக்கு நம் ஆட்களிடம் இருக்கும் மதிப்பு உங்களுக்கே தெரியும். பங்கை விற்பதானால் முதலில் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை மாற்றுகிற எந்த ஏற்பாடும் பதிவாக வேண்டும், அதற்கு ஊர்ப் பஞ்சாயத்துத் தாள் போதாது, ஒரு சிவில் வக்கீலை வைத்தே எழுதுங்கள்.

யாராவது நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். எங்கள் ஐயா வீட்டில் அதைத்தான் செய்தார்கள். வளவின் குறுக்கே செங்கல் சுவர். நாலு பக்கத் தாழ்வாரத்துத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஒரே தூம்பு வழியாக ஊரணிக்குப் போகும்படி கட்டிய வீடு அது. சுவர் வந்த பிறகு ஒரு பாதிக்குத் தூம்பு இல்லை. இரண்டு மழைக்காலம் தண்ணீர் நின்றது, மூன்றாவதில் அந்தப் பக்கத்துச் சுவர் ஊறிக் கூரை உட்கார்ந்தது. சண்டையில் ஜெயித்தவர் பக்கம்தான் முதலில் விழுந்தது.

இறங்கிய மூலைக்கு இப்போதே கம்பு முட்டுக் கொடுத்துத் தார்ப்பாய் போடுங்கள். பெயின்ட், தரை மெருகு எல்லாம் அப்புறம். கூரையும் தூம்பும் சரியாக இருந்தால் மற்றது பத்து வருடம்கூடக் காத்திருக்கும்.

கேள்வி: காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறவர் வீட்டுக்கு வந்து, உட்கதவு ஒன்றுக்கும் இரண்டு தூணுக்கும் நல்ல விலை சொல்கிறார். அந்தப் பணத்தில் மற்ற பகுதியைப் பழுது பார்க்கலாமே என்று தோன்றுகிறது. செய்யலாமா?
(தேவகோட்டை வாசகர்)

பதில்: வேண்டாம் அண்ணே. தூண் அழகுக்கு நிற்கவில்லை, மேலே உத்திரமும் அதன் மேல் அடுக்கடுக்காக நாட்டு ஓடும் அதை நம்பித்தான் இருக்கின்றன. செங்கல் தூண் வைத்துத் தருகிறேன் என்பார்கள், தேக்கு உத்திரத்தை இறக்கி ஏற்றத் தெரிந்த ஆசாரி இன்றைக்கு எத்தனை பேர்? அப்புறம், பொது வீட்டுக் கதவை ஒரு பங்காளி தனியாக விற்க முடியாது, அது பின்னால் வழக்காக வரும். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 100 வருடத்துக்குக் குறையாத, கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அதை வியாபாரம் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கதவு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

பணம் அவசியம் என்றால் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி, பழைய பாட்டில் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. பட்டியல் போட்டு, பங்காளிகளுக்குக் காட்டி, சம்மதம் எழுதி வாங்கி, புழங்காத சாமானை விற்கலாம். மனசு கேட்காதுதான். ஆனால் சாமான் போனாலும் வீடு நிற்கும்.

கேள்வி: எனக்கு 1978இல் கல்யாணம் ஆனது. பெண் பிள்ளைக்குப் புள்ளி கிடையாது, வீட்டில் பங்கும் கிடையாது என்றே சொல்லி வளர்த்தார்கள். இப்போது அண்ணன் மகன் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து கையெழுத்து கேட்கிறான். பங்கு இல்லை என்றால் கையெழுத்து எதற்கு?
(புதுக்கோட்டை மாவட்ட வாசகி)

பதில்: நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது ஆச்சி. கோவில் கணக்கில் புள்ளி என்பது வேறு, சொத்துரிமை வேறு.

தமிழ்நாட்டில் 1989ஆம் வருடத் திருத்தம் அதற்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது உண்மை, அதை வைத்துத்தான் உங்களிடம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் 9-9-2005 முதல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை கொடுத்தது. கல்யாணம் எப்போது என்ற கேள்வியே அதில் இல்லை. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. 20-12-2004க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. முதலில் அப்படி ஏதாவது பத்திரம் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் மனசு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விசேஷ வீட்டில், பந்திக்கு நடுவில், கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து உங்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் உங்கள் அண்ணன் மகனிடமும் சொல்லலாம்: எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில், மகன்கள் எல்லோரும் விற்கலாம் என்று நின்றபோது வேண்டாம் என்று பணம் போட்டுக் கூரையை எடுத்துக் கட்டியது அந்த வீட்டில் பிறந்த பெண்கள்தான்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் 9 பங்கு, எல்லோரும் 50 வயதுக்குக் கீழே, சண்டை இல்லை, நேரமும் இல்லை. ஓட்டலாக மாற்றலாமா? யுனெஸ்கோ பட்டியலில் செட்டிநாடு இருப்பதால் உதவி ஏதாவது வருமா?

பதில்: 2014இல் இந்தியா யுனெஸ்கோவுக்குக் கொடுத்த உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். அது வரிசையில் நிற்கிற சீட்டு. அதனால் உங்கள் வீட்டுக்குப் பணமும் வராது, இடிப்பதற்குத் தடையும் வராது.

ஓட்டல் ஆன வீடுகள் கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் இருக்கின்றன, நன்றாகவே நடக்கின்றன, ஒரு தடவை போய்த் தங்கிப் பாருங்கள். ஆனால் பெரிய முதலீட்டில், பெரும்பாலும் வெளி நிறுவனத்திடம் கொடுத்துச் செய்கிற வேலை அது. நீங்கள் குத்தகைக்குக் கொடுப்பதானால் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யுங்கள், சாமி வீட்டையும் படைப்பு நாட்களையும் குத்தகையிலிருந்து விலக்கி எழுதுங்கள். அதை எழுதாமல் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டில் சாமி கும்பிட அனுமதி கேட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

சிறிதாகத் தொடங்க ஆசையிருந்தால் மத்தியச் சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டம் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம், ஆனால் வீட்டுக்காரர் குடும்பம் அங்கே குடியிருக்க வேண்டும். உங்கள் ஒன்பதில் ஒருவராவது ஊருக்குத் திரும்பத் தயாரா? முதலில் அதைக் கேளுங்கள், மற்ற எல்லாம் அதைப் பொறுத்ததுதான். சினிமாப் படப்பிடிப்புக்கு விடுவதில் வருமானம் உண்டு, ஆணி அடிப்பதும் பெயின்ட் அடிப்பதும் உண்டு, ஆள் நிற்காமல் விடாதீர்கள். குளியலறை கட்டுவதானால் பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் குழாயைப் புதைக்காமல் பின்கட்டில் தனியாகக் கட்டுங்கள்.

கேள்வி: சுவரில் பொரிந்த இடத்தில் சிமென்ட் பூசினோம், ஒரே வருடத்தில் சுற்றிலும் உதிர்கிறது. மாடிச் சுவரில் அரசங்கன்று வேறு.
(பள்ளத்தூர்)

பதில்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். சிமென்ட் அதன் வாயை மூடிவிடுகிறது, ஈரம் பக்கத்தில் வழி தேடுகிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசச் சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த அந்தக் கண்ணாடி மெருகு கடைசிப் பூச்சில்தான் வரும், பொரிந்த துண்டுக்கு அது இப்போது தேவையில்லை. வேலை மெதுவாகத்தான் போகும், கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள். அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வரும். அடியோடு வெட்டி, வேர் காய்ந்த பிறகு அந்த இடுக்கைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, ஆடி முடிந்ததும், மேலே ஏறி எல்லாச் சுவரையும் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 81 வயது, தங்கைக்கு 77. பிள்ளைகள் யாரும் வர மாட்டார்கள். வாங்குகிறவர் இடித்துவிடுவார் என்று தெரிந்தே விலை பேசியிருக்கிறேன். இரவில் தூக்கமில்லை. இது பாவமா தம்பி?

பதில்: இல்லை அண்ணே. உங்கள் அப்பச்சி இந்த வீட்டைக் கட்டியது நீங்கள் அதன் அடியில் நசுங்குவதற்காக அல்ல. 81 வயதில் ஓட்டுக்கூரையில் ஏறிப் பார்க்க உங்களால் முடியாது, அந்தப் பணத்தில் நீங்களும் தங்கையும் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம். விற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் கிரயத்துக்கு ஒரு மாதம் தவணை கேளுங்கள். எங்கள் வீடு போனபோது நாங்கள் சாமான்களைத்தான் எண்ணினோம், வீட்டை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு இரண்டாம் கட்டில் எத்தனை தூண் என்று கேட்டால் என் தம்பி ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். பேரன் பேத்தி யாரையாவது நான்கு நாள் வரச் சொல்லுங்கள். டேப் பிடித்து அளந்து, அறை அறையாகப் படம் எடுக்கட்டும். ஆத்தங்குடித் தரைக் கல்லில் ஒவ்வொரு பூ வடிவத்திலும் ஒரு கல் பெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதை வாங்குகிறவரிடம் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ரங்கூன் கடைப் பேரேடுகள் பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பாதுகாக்கக்கூடிய நூலகத்துக்கு நானே வந்து எடுத்துப் போகிறேன். சாமி வீட்டுப் பேழையை எந்தப் பங்காளி வீட்டில் வைப்பது என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். தங்கையை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்த அறையில் யார் பிறந்தார், எந்த அடுப்பு யாருடையது என்று அவர் சொல்லச் சொல்லப் பேத்தி அந்தப் படத்தில் எழுதிக்கொள்ளட்டும்.